யாழும் நரம்பும்: சைவாசிரியர்க்கு ஒரு பாடம்

திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாருடைய சரித்திரத்தைப் படிப்பிக்கும்போது மாணாக்கர் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு. "ஐயா, திருநீலகண்ட யாழ்ப்பாணர் வாசித்த யாழ் எப்படியிருக்கும்?" என்பதே அது. நம்மவருட் பலர் சுவரிலே தொங்கும் சரஸ்வதி படத்தைக் காட்டி, "இதைப் போன்றதொன்று" என்று சொல்லி அப்பாற் செல்கின்றனர். யாமும் நெடுங்காலம் அவ்வாறே செய்தோம். அது பிழை. அப்படத்திலுள்ளது வீணை, யாழ் வேறு. கண்ணிழந்த யாழ்ப்பாணன் ஒருவன் பரிசிலாகப் பெற்ற நிலமே யாழ்ப்பாணமாயிற்று என்று யாழ்ப்பாண வைபவமாலை கூறும். அந்நிலத்தைச் சார்ந்த நெடுந்தீவிலே இருந்துகொண்டு, யாழ் இன்னதென்று பிள்ளைகளுக்குச் சொல்லமாட்டாமை நமக்குக் குறைவேயாம். ஆதலின் வகுப்பிலே சொல்லுதற்கும் செய்து காட்டுதற்கும் உரியன சிலவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

முதலாவது, கருவியின் வேறுபாடு. வீணையிலே மெட்டுக்கள் உண்டு. ஒரு நரம்பைப் பல மெட்டுக்களில் அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம். யாழிலே மெட்டில்லை, ஒரு நரம்பு ஒரு சுரத்துக்கே உரியது. தோணி போலக் குடைந்த பத்தல், அதன்மேற் போர்த்த தோல், பத்தலினின்று வளைந்தெழும் கோடு, பத்தலுக்கும் கோட்டுக்கும் இடையே இழுத்துக் கட்டிய நரம்புகள், கோட்டிலே நரம்பை இறுக்கும் திவவு என்னும் வார்க்கட்டு ஆகிய இவை யாழின் உறுப்புக்கள். பேரியாழுக்கு நரம்பு 21, செங்கோட்டியாழுக்கு 7. குமிழங் கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்துக் கட்டிய வில்யாழை இடையன் வாசித்தமை பெரும்பாணாற்றுப்படையிற் கூறப்படும். இவ்வினத்துக் கருவி முற்றாக அழிந்துவிடவில்லை. பர்மாவிலே 'சௌங்' என்னும் வில்வடிவக் கருவி இன்றும் வாசிக்கப்படுகின்றது. அதன் நரம்புகள் முன்னாளிற் பட்டு நூலால் ஆயின. இன்று நைலோனும் வழங்குகின்றது. கழுத்தைச் சுற்றிய நூற்கட்டுக்களை நகர்த்திச் சுருதி கூட்டுதல் அதன் பழைய மரபு. திவவு எவ்வாறு தொழிற்பட்டிருக்கும் என்று அறிய விரும்புவோர் அக்கருவியின் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுக.

இரண்டாவது, நரம்பு. கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்பின் குற்றம் நான்கென்பர் முன்னோர். புரி ஒவ்வாமையும், மயிர் கலத்தலும், தும்பெழுதலும், முறுக்கு மிகுதலும் ஒலியைக் கெடுக்கும். சீவகசிந்தாமணியிலே, காந்தருவதத்தையின் இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தன் கையிற் கொடுத்த யாழை உடனே வாசித்தானல்லன். நரம்பின் புரியை நெகிழ்த்து, உள்ளே கிடந்த மயிரைச் சபையாருக்குக் காட்டினான். வாசித்தற்கு முன்னே ஆராய்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது, சுருதி கூட்டல். தமிழிசைக்குரிய ஏழு நரம்புகள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன. ஒன்றினின்று எண்ண ஐந்தாவதாய் வருவது அதனோடு இனிது பொருந்தும். குரலுக்கு ஐந்தாவது இளி, இளிக்குத் துத்தம், துத்தத்துக்கு விளரி, விளரிக்குக் கைக்கிளை, கைக்கிளைக்குத் தாரம், தாரத்துக்கு உழை. இவ்வாறு ஏழும் அமையும்.

இதனை வகுப்பிலே சோதித்துக் காட்டலாம். ஒரு பலகையின் இரு தலையிலும் ஆணியறைந்து தங்கூசியைக் கட்டி, 36 அங்குல இடைவெளியில் இரண்டு சிறு கட்டைகளை அதன்கீழ்ச் செருகுக. முழு நரம்பின் ஒலியைக் குரலாகக் கொள்க. நரம்பைத் தொடுமளவினதாகிய மற்றொரு கட்டையை நகர்த்தி, ஒலிக்கும் பகுதியை மூன்றில் இரண்டு பங்காகிய 24 அங்குலமாக்கினால் இளி பிறக்கும். 24இல் மூன்றில் இரண்டு பங்கு 16. அது மேற்றாயியிற் சென்றமையால், இரட்டித்து 32 எனக் கொள்க, அது துத்தம். அவ்வாறே விளரிக்கு 21⅓ அங்குலமும், கைக்கிளைக்கு ஏறக்குறைய 28½ அங்குலமும் வரும். இவ்வைந்தொலியையும் செவியிலே கொண்டு, மரப்பெட்டியொன்றின்மேல் ஐந்து தங்கூசிகளை இழுத்துக் கட்டிச் சுருதி கூட்டினால், இன்று மோகனம் என வழங்கும் இராகத்தின் சுரங்கள் ஐந்தும் அப்பெட்டியிலே ஒலிக்கும். கணிதமும் இசையும் ஒரே பாடமாதலைக் கண்டு பிள்ளைகள் களிப்பர்.

இனி, இக்கல்வி எவ்வாறு மறைந்தது என்பதையும் ஆசிரியர் சிந்தித்தல் வேண்டும். பெரியபுராணத்திலே, திருவாலவாயில் யாழ்ப்பாணர் வாயிலிலே நின்று வாசித்தார். இறைவன் அடியார்க்குக் கனவிலே உணர்த்த, அவர்கள் அவரை உள்ளே அழைத்துச் சென்றனர். நிலத்தின் ஈரம் தாக்கினால் நரம்பின் கட்டுத் தளருமாதலின் அவருக்குப் பொற்பலகை இடுக என்னும் திருவாக்கும் எழுந்தது. கடற்காற்றிலே மத்தளத்தின் தோல் தளர்வதை அறிந்த தீவாராகிய நமக்கு இதன் உண்மை எளிதில் விளங்கும். கருவியைக் காத்தலும், கருவியறிந்தவனை உள்ளே இருத்துதலும் அங்கே ஒரே அருளாக வந்தன. பிற்காலத்திலே திருமுறைகள் கண்டெடுக்கப்பட்டபோது ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. திருஎருக்கத்தம்புலியூரிலே யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டே பண் அமைக்கப்பட்டதென்று திருமுறைகண்ட புராணம் கூறும். அவளும் அழைக்கப்படாது விடப்பட்டிருப்பின் நம் கதி யாதாம்?

இவ்விடத்தில் எம் குற்றமொன்றைச் சொல்லுதல் கடன். யாம் மிஷன் பாடசாலையிலே படித்து, ஆர்மோனியம் பழகி, அதனைக் கொண்டே சைவப் பிள்ளைகளுக்குத் தேவாரம் பழக்கினோம். அந்நாளிலே எளிய தொழில் செய்த முதியவர் ஒருவர் பாடசாலையின் கல்மதிலுக்கு வெளியே நின்று கேட்பது வழக்கம். ஒருநாள் அவர், "வாத்தியார், அந்த இடத்திலை குரல் வழுக்கி இறங்க வேணும், பெட்டியிலை அது வராது" என்றார். "பிறகு பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினோம். உள்ளே அழைத்தோமில்லை, ஓர் ஆசனம் இட்டோமில்லை. சில மாதத்தில் அவர் சிவபதமடைந்தார். அவர் தம் தந்தையாரிடத்துக் கேட்டுப் பழகிய பண்முறையும் அவருடனே போயிற்று. திருத்தருமபுரத்திலே சம்பந்தர் பதிகம் யாழ்ப்பாணருடைய யாழிலேயே அடங்கவில்லை என்று ஆண்டுதோறும் படிப்பித்த யாம், அசையாத கட்டைகளையுடைய ஆர்மோனியத்திலே எல்லாம் அடங்கும் என்று எண்ணியிருந்தோம்.

மிஷன் பாடசாலைக் கல்வி இதற்குக் காரணமென்று சொல்லித் தப்ப இயலாது. காரைதீவிலே 1892இல் அவதரித்த விபுலானந்த அடிகளும் மட்டக்களப்பு மிஷன் பாடசாலைகளிலே படித்தவரே. விஞ்ஞானம் கற்று, விஞ்ஞானம் கற்பித்தவர் அவர். சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் கிடந்த இசைச்செய்திகளைப் பல்லாண்டு ஆராய்ந்து, கணித வழியாகப் பொருத்தி யாழ்நூலை இயற்றினார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அந்நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் தேதி அடிகள் சிவபதம் எய்தினார். தாம் கண்டதைத் தம்மோடு கொண்டு போகாமல், உடல் தளர்ந்த நிலையிலும் எல்லார்க்கும் கொடுத்துச் சென்றமையே அவர் செய்த பேருபகாரம். அண்மை ஆண்டுகளிற் சென்னையிலே கருவி செய்வோர் யாழை மீண்டும் செய்து வாசித்துக் காட்டுகின்றனர்.

ஆசிரியர்களே, பெட்டியும் தங்கூசியும் எவ்வூரிலும் கிடைக்கும். அவற்றைக் கொண்டு இப்பாடத்தை நடத்துங்கள். நும் ஊரிலே பண்ணறிந்த முதியவர் எவரேனும் இருப்பின், அவர் எக்குடியினராயினும் வகுப்பினுள்ளே அழைத்து, பிள்ளைகளுக்கு முன்னே ஆசனமிட்டு இருத்துங்கள். அவர் பாடுவதைக் கேட்டு எழுதுங்கள், ஒலிப்பதிவு செய்யுங்கள், பிரதியை அயற் பாடசாலைக்கும் கொடுங்கள். நாளைக்கென்று வையாதிருங்கள்.