கேட்டதும் கைக்கு வந்துவிடுமா?

நிரலில் மேலே உள்ள வரி முடிந்த பிறகே கீழே உள்ள வரி தொடங்கும் என்பது புதிதாக நிரல் எழுதுபவர்களின் முதல் நம்பிக்கை. கூட்டல் கழித்தலுக்கு அது பொருந்தும். படம், ஒலி, எக்ஸ்எம்எல் தரவு ஆகியவற்றை வெளியிலிருந்து எடுத்துவரும் வரிக்கு அது பொருந்தாது. 2002-இல் வந்த ஃபிளாஷ் எம்எக்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருள், ஜேபெக் படங்களையும் எம்பி3 ஒலிகளையும் படைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து எடுக்க வழிசெய்தது. அன்று முதல் இந்த நம்பிக்கை பலரைக் கவிழ்த்திருக்கிறது. 'லோட்' என்ற கட்டளை கோப்பைக் கொண்டுவருவதில்லை, கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. இலை போட்டாயிற்று என்பதற்காகச் சாம்பார் வந்துவிட்டது என்று ஆகாது அல்லவா? ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-இல், கோப்புகளை ஏற்றும் லோடரிடம் படத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே அதன் அகலத்தைக் கேட்டால் 1009 என்ற எண்ணுடன் பிழைச்செய்தி வரும். அங்கே இன்னும் எந்தப் பொருளும் இல்லை என்பதே அதன் அர்த்தம்.

'அப்படியானால் வரும்வரை ஒரு சுழற்சியில் காத்திருந்தால் போயிற்று' என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் படைப்பை ஓட்டும் ஃபிளாஷ் பிளேயர், ஓடிக்கொண்டிருக்கும் நிரலை முடித்த பிறகுதான் திரையைப் புதுப்பிக்கும், 'கோப்பு வந்துவிட்டது' என்ற தகவலையும் அப்போதுதான் நிரலிடம் சேர்க்கும். காத்திருக்கும் சுழற்சி முடிந்தால்தான் தகவல் வரும், தகவல் வந்தால்தான் சுழற்சி முடியும். அசைவூட்டம் உறைந்து நிற்கும். வழக்கமான அமைப்பில் 15 விநாடி கழித்துப் பிளேயரே குறுக்கிட்டு நிரலை நிறுத்தப் பார்க்கும். ஆகவே காத்திருக்கும் வேலையை நிரலிடம் தராமல், கோப்பு வந்ததும் எந்தச் செயற்கூறை அழைப்பது என்று முன்கூட்டியே பதிவுசெய்யும் முறையைக் கொடுத்தார்கள். இதைப் பிளேயரின் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. பயனர் கண்முன் பொத்தானும் அசைவும் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் இதைவிட நேர்மையான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சாராரின் வழி, சில ஃபிரேம்கள் தள்ளியோ இரண்டு விநாடி டைமர் வைத்தோ தரவைப் பயன்படுத்துவது. சொந்தக் கணினியில் இது கச்சிதமாக ஓடும், ஏனெனில் கோப்பு அதே வன்தட்டில் இருக்கிறது. சர்வரில் ஏற்றி, மெதுவான இணைப்பில் திறந்தால் குட்டு வெளிப்படும். ஃபிளாஷின் சோதனைச் சாளரத்தில் மெதுவான பதிவிறக்கத்தைப் பாவனை செய்து பார்க்கும் வசதியே இருந்தது. 'என் கணினியில் ஓடுகிறதே' என்பதை விடையாக ஏற்காதவர்கள் செய்து வைத்த வசதி அது.

நூறு விழுக்காடு வந்துவிட்டால் தயார் என்பதும் பாதி உண்மைதான். ஃபிளாஷின் பழைய மூவிகிளிப்லோடரில் 'ஆன்லோட்கம்ப்ளீட்', 'ஆன்லோட்இனிட்' என்று இரண்டு தனி அறிவிப்புகள் இருந்தன. முதலாவது, பைட்டுகள் எல்லாம் இறங்கிவிட்டன என்கிறது. வந்த கிளிப்பின் முதல் ஃபிரேம் நிரல் ஓடிய பிறகே இரண்டாவது வரும். இடையில் அகலத்தைக் கேட்டால் பூஜ்யம் கிடைக்கும், படத்தை நடுவில் நிறுத்தும் கணக்கெல்லாம் தப்பாகும். கோப்பின் மொத்த அளவைச் சர்வர் சொல்லாவிட்டாலோ விழுக்காட்டுக் கணக்குக்கே அடிப்படை கிடையாது. கேட்ட வரிசையிலேயே பல கோப்புகளும் வந்து சேரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சிறிய பத்தாவது படம் பெரிய முதல் படத்தை முந்தலாம்.

ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அதே சிக்கல் இன்றும் இருக்கிறது. இன்றைய ஜாவாஸ்கிரிப்டில் 'அவெய்ட்' என்று எழுதினால் வரிகள் உண்மையிலேயே காத்திருப்பதுபோல் தோன்றும். காத்திருப்பது அந்த ஒரு செயற்கூறு மட்டுமே. அதற்குள் பயனர் வேறு பொத்தானை அழுத்திவிடலாம், பழைய கோரிக்கையின் விடை புதிய பக்கத்தில் வந்து உட்காரலாம். கோப்பைக் கேட்கும் 'ஃபெட்ச்' கட்டளை இன்னும் நுட்பமாக ஏமாற்றும்: கேட்ட கோப்பு இல்லை என்று சர்வர் 404 சொன்னாலும் அதைத் தோல்வியாகக் கருதாது, பதில் வந்ததாகவே எடுத்துக்கொள்ளும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-இன் லோடரோ இதற்கென்று தனிப் பிழை நிகழ்வை எழுப்பியது. 'ஃபெட்ச்' பயன்படுத்துபவர் பதிலின் 'ஓகே' மதிப்பைத் தாமே பார்த்தாக வேண்டும்.