வெற்றிப் புத்தகத்திடம் நான்கு கேள்விகள்

ஹல்துமுல்லையிலிருந்து பெரகலை வழியாக அப்புத்தளைக்கு ஏறி, தம்பேதன்னைத் தோட்டத்துக்கும் மேலே போனால் 'லிப்டன் சீட்'. தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் அங்கே உட்கார்ந்துதான் தன் தோட்டங்களைப் பார்வையிட்டார் என்பார்கள். துணிந்தார், வென்றார் என்று அவர் கதையைச் சுருக்கிவிடலாம். வெற்றிப் புத்தகங்கள் பலவும் அப்படித்தான் சுருக்குகின்றன. கொழும்பில் வேலை தேடும் பிள்ளைகளும் ஊரில் கடை போட நினைப்பவர்களும் அவற்றை நம்பி வாங்குகிறார்கள். தாராளமாக வாசியுங்கள். வாசிக்கும்போது இந்த நான்கையும் கேளுங்கள்.

1. தொடங்கும்போது கையில் என்ன இருந்தது?
லிப்டன் 1871இல் கிளாஸ்கோவில் முதல் கடையைத் திறந்தார். 1890இல் இலங்கைக்கு வந்தபோது பிரிட்டனின் பல நகரங்களில் அவருக்குக் கடைகள் இருந்தன. இலைநோயில் கோப்பி அழிந்து, தோட்டங்கள் மலிவாக விலைபோன காலம் அது. விற்கும் இடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் தோட்டம் வாங்கினார். நீங்களும் கடன் எடுக்குமுன் வாங்குபவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

2. யாருடைய உழைப்பு விடுபட்டிருக்கிறது?
லிப்டன் விற்ற தேயிலைக்குப் பின்னால், தமிழ்நாட்டிலிருந்து வந்து, விடியலில் பெரட்டுக்கு நின்று, மலையேறிக் கொழுந்து பறித்தவர்கள் இருந்தார்கள். உங்கள் திட்டத்திலும் அப்படிச் சிலர் இருப்பார்கள். அம்மா அதிகாலையில் எழுந்து பலகாரம் சுட்டுத் தருகிறார் என்றால், அவர் கூலியையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள். அதன் பிறகும் இலாபம் மிஞ்சினால்தான் அது தொழில்.

3. அதையே செய்து தோற்றவர் யார்?
ஜிம் காலின்ஸ் 2001இல் வெளியிட்ட 'குட் டு கிரேட்' 11 நிறுவனங்களை முன்மாதிரியாகக் காட்டியது. அவற்றில் ஒன்றான சர்க்கிட் சிட்டி 2008இல் திவாலானது. வென்றவர்களை மட்டும் பார்த்து விதி எழுதினால் பாதிக் கணக்குத்தான் தெரியும். கடை போடுமுன், அதே வியாபாரத்தை மூடிய ஒருவரிடம் போய்ப் பேசுங்கள்.

4. எது கெடலாம்? யார், எப்போது தடுப்பது?
உளவியலாளர் கேரி க்ளைன் ஒரு வழி சொல்கிறார்: திட்டம் தோற்றுவிட்டதாகவே வைத்துக்கொண்டு, தொடங்குமுன்பே காரணங்களை எழுதுங்கள். ஆனால் காரணம் தெரிந்தால் மட்டும் போதாது. ஹல்துமுல்லைப் பிரதேசத்துக்கு உட்பட்ட கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஆபத்து இருப்பதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்தபோது சனங்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். ஆபத்தை அறிவது வேறு, முடிவெடுப்பது வேறு. ஒவ்வொரு ஆபத்துக்கும் நேரே பொறுப்பாளரின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள்.

அடுத்த பெரிய முடிவுக்கு முன், ஒரு கொப்பியில் இந்த நான்குக்கும் பதில் எழுதித் தேதியிடுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். எது உங்கள் கணக்கால் நடந்தது, எது அதிர்ஷ்டத்தால் நடந்தது என்று அந்தப் பக்கம் காட்டும். எந்தக் கோடீஸ்வரரின் சுயசரிதையும் உங்கள் தொழிலைப் பற்றி இவ்வளவு சொல்லாது.