கடல் கடந்த கலியாணமும் இருதாரக் குற்றமும்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், வளைகுடா நாடுகளிலும், இங்கிலாந்திலும் கனடாவிலும் வேலைக்காகவோ படிப்புக்காகவோ பிள்ளைகளை அனுப்பிவைத்திருக்கும் குடும்பங்கள் நமக்குள் அநேகம். அந்தப் பிள்ளைகளில் சிலர் அங்கேயே விவாகம் செய்துகொள்கிறார்கள். சிலர் விடுமுறையில் வந்து இங்கே கைப்பிடித்துத் திரும்புகிறார்கள். ஒரே விவாகம் இப்படி இரண்டு தேசங்களைத் தொடும்போது, ‘இது எந்தச் சட்டப்படி செல்லும்?’ என்ற கேள்வி எழுகிறது. அதை முன்கூட்டியே கேளாத காரணத்தால், ஒரு குற்றமும் அறியாத பெண் தாலி கட்டிய பிறகும் சட்டப்படி மனைவி அல்ல என்று நிற்க நேரிடும்; அறிந்து செய்த ஆண்மகன் சிறைக்கும் போக நேரிடும். ஆதலால் இந்த வாரம் குடும்பத்தார் எல்லோரும் கூடியிருந்து இந்தப் பாடத்தை வாசிப்பது நலம்.

பழைய வியாதி

ஓர் ஊரில் மனைவி இருக்க, அவளை அறியாத வேறோர் ஊரில் இன்னொருத்தியை மணப்பது புதிய தந்திரமல்ல. 1563-ம் ஆண்டு திரிதெந்தீன் பொதுச்சங்கம் விவாகத்தைப் பற்றிக் கட்டளை இட்டபோது, நிலையான வீடின்றி அலைந்து, முதல் மனைவியைக் கைவிட்டு, வெவ்வேறு இடங்களில் பெண் கொள்ளும் மனிதர்களைப் பற்றித் தனியே ஓர் அதிகாரம் எழுதியது. அப்படிப்பட்டவர்களைத் தீர விசாரியாமல் மந்திரிக்கக்கூடாது என்று குருக்களை எச்சரித்தது. விவாகம் பங்குக் குருவானவர் முன்பாகவும் சாட்சிகள் முன்பாகவும் நடக்கவேண்டும், முன்னதாக ஓலை வாசிக்கவேண்டும், புத்தகத்தில் பதியவேண்டும் என்ற ஒழுங்குகளும் அந்தச் சங்கத்தில்தான் உறுதிப்பட்டன.

பின்னர் 1907-ல், பத்தாம் பத்திநாதர் பாப்பரசராயிருந்த காலத்தில், இன்னுமோர் ஒழுங்கு வந்தது. ஒருவர் எங்கே விவாகம் செய்தாலும், அவர் ஞானஸ்நானம் பெற்ற கோவிலின் புத்தகத்தில் அவர் பெயருக்கு எதிரே அந்த விவாகத்தைக் குறிக்கவேண்டும் என்பதே அது. இன்றைக்கும் அந்த விதி உண்டு. டொறொன்டோவில் விவாகம் நடந்தாலும், செய்தி நமது கோவில் புத்தகத்துக்கு வந்து சேரவேண்டும். பழைய ஞானஸ்நானச் சீட்டு போதாது, புதிதாக எடுத்து வா என்று சுவாமியார் கேட்பது இதற்காகவே.

எந்த விவாகம் செல்லும்?

பொதுவான சட்ட விதி இரண்டு பங்கு கொண்டது. முதலாவது, சடங்கும் பதிவும் விவாகம் நடந்த இடத்தின் சட்டப்படி சரியாயிருக்கவேண்டும். இரண்டாவது, மணமக்கள் இருவரும் தத்தம் சொந்தச் சட்டப்படி விவாகத்துக்குத் தகுதி உள்ளவர்களாயிருக்கவேண்டும்: வயது, உறவுமுறை, எல்லாவற்றிலும் மேலாக, உயிரோடிருக்கும் வேறொரு துணை இல்லாமை.

சடங்கு விஷயத்தில் தேசத்துக்குத் தேசம் வேறுபாடு உண்டு. நம் நாட்டில் 1872-ம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி கோவிலில் நடக்கும் விவாகமே சட்டப்படியான விவாகம். பிரான்சு தேசத்திலோ கோவில் சடங்குக்கு அரசாங்கத்தில் எந்தப் பலனும் இல்லை. முதலில் நகரசபை அதிகாரி முன்பாக விவாகம் செய்தாகவேண்டும்.

இந்தியப் பிரஜைகளுக்கு 1969-ம் ஆண்டின் அயல்நாட்டுத் திருமணச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி, மணமக்களில் ஒருவராவது இந்தியப் பிரஜையாயிருந்தால், வெளிநாட்டிலுள்ள நமது தூதரகத்தில் அதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரி முன்பாக விவாகம் செய்யலாம். அந்நாட்டுச் சட்டப்படி ஏற்கெனவே நடந்த விவாகத்தையும் அவரிடம் பதிவுசெய்துகொள்ளலாம். மணமகனுக்கு 21 வயதும் மணமகளுக்கு 18 வயதும் நிறைந்திருக்கவேண்டும். இருவருக்கும் வேறு துணை உயிரோடிருக்கக்கூடாது.

ஐந்து தவறான எண்ணங்கள்

1. ‘அங்கே ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து மாத்திரம் போட்டேன்; அது கலியாணமல்ல.’

தங்கும் அனுமதிக்காகவோ வேறு வசதிக்காகவோ இப்படிக் கையெழுத்திடுகிறவர்கள் உண்டு. குருவானவரும் இல்லை, மந்திரிப்பும் இல்லை. ஆகையால் கத்தோலிக்கருக்கு அது திருச்சபை முன்பாக மெய்விவாகம் ஆகாது என்பது உண்மை. ஆனால் அரசாங்கத்தின் முன்பாக அது முழு விவாகம். அதை ரத்துசெய்யாமல் இங்கே கோவிலில் வேறு பெண்ணைக் கைப்பிடித்தால், சட்டம் அதை இருதார மணம் என்று கொள்ளும். அரசாங்கச் சட்டம் அங்கீகரிக்காத விவாகத்தை மேற்றிராணியாரின் உத்தரவின்றி நடத்தக்கூடாது என்று திருச்சபைச் சட்டத்தின் 1071-ம் விதியும் சொல்லுகிறது. ஆகவே அந்தக் கையெழுத்தைச் சுவாமியாருக்கு மறைப்பது தன்னைத்தானே கெடுத்துக்கொள்வதாகும்.

2. ‘ஊரில் நடந்த கோவில் கலியாணம் அந்தத் தேசத்தாருக்கு எப்படித் தெரியும்?’

தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது விவாகமே. சிங்கப்பூரில் 1961-ம் ஆண்டின் மாதர் சாசனப்படியும், மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ம் ஆண்டின் சட்டப்படியும், எங்கே எந்த முறையில் மணந்திருந்தாலும், அந்தத் துணை இருக்க மறுவிவாகம் செல்லாது. இங்கிலாந்தில் 1861-ம் ஆண்டின் சட்டம் இருதாரக் குற்றத்துக்கு 7 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. படிவத்தில் ‘விவாகமாகாதவர்’ என்று பொய் எழுதுவது தனிக் குற்றம்.

3. ‘அங்கே கோர்ட்டில் விவாகரத்து வாங்கிவிட்டேன்.’

இங்கே விவாகம் செய்த ஒருவர் அமெரிக்காவில் மிசூரி மாகாண நீதிமன்றத்தில் விவாகரத்துத் தீர்ப்புப் பெற்று, 1981-ல் நம் நாட்டில் மறுவிவாகம் செய்தார். முதல் மனைவி இருதார வழக்குத் தொடுத்தாள். அந்த அமெரிக்கத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று 1991-ல் நமது உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அது இந்து விவாகம் பற்றிய வழக்கேயாயினும், அயல்நாட்டுத் தீர்ப்பு எப்போது செல்லும் என்பதற்கு அதுவே வழிகாட்டி. எந்தச் சட்டப்படி விவாகம் நடந்ததோ அந்தச் சட்டம் ஒப்பும் நீதிமன்றமும் காரணமும் வேண்டும். இல்லையேல் எதிர்த்தரப்பார் அங்கே நிரந்தரமாய் வசித்தோ, தாமாக வந்து வழக்காடியோ, சம்மதித்தோ இருக்கவேண்டும். வெறும் நோட்டீஸ் அனுப்பி, மனைவி கடல் கடந்து வரமுடியாத வேளையில் பெற்ற தீர்ப்பை நம்பி மறுவிவாகம் செய்வது ஆபத்து.

4. ‘திருச்சபை நீதிமன்றமே என் விவாகம் செல்லாது என்று தீர்த்துவிட்டது.’

அந்தத் தீர்ப்பு ஆன்ம காரியத்துக்குப் போதும், அரசாங்கத்துக்குப் போதாது. 1996-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிற்று. திருச்சபைத் தீர்ப்பை விவாகரத்துக்குச் சமமாக அங்கீகரிக்கவேண்டும் என்ற மனுவையும் 2017-ல் தள்ளிவிட்டது. அரசாங்க நீதிமன்றத்தில் 1869-ம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி தீர்ப்பு வாங்கவேண்டும். மறுபுறம், அரசாங்க விவாகரத்து மாத்திரம் பெற்றவர் திருச்சபை முன்பாக இன்னும் கட்டுண்டவரே. 1085-ம் விதி முதல் பந்தம் நீங்கியது நிச்சயமாய் நிரூபிக்கப்படும் வரையில் மறுவிவாகத்தைத் தடுக்கிறது. ஆக, இரண்டு வாசல். இரண்டுக்கும் தனித்தனித் திறவுகோல்.

5. ‘ஏழு வருஷம் ஆயிற்று, அவரைப்பற்றி ஒரு தகவலும் இல்லை.’

ஏழு ஆண்டு தொடர்ந்து உயிரோடிருப்பதாகக் கேள்விப்படாவிட்டால், மறுவிவாகம் செய்பவரை இருதாரக் குற்றத்துக்குத் தண்டிப்பதில்லை என்பது சரி. ஆனால் புதிய துணைக்கு அந்த உண்மையை முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும். திருச்சபையோ வருஷக் கணக்கை மாத்திரம் பார்ப்பதில்லை. மரணம் நேர்ந்தது நிச்சயம் என்று விசாரணையில் கண்டு மேற்றிராணியார் அறிக்கை தந்த பிறகே மறுவிவாகத்துக்கு இடமுண்டு.

தண்டனை என்ன?

2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. முன்பு 494, 495 என்றிருந்த பிரிவுகள் இப்போது 82-ம் பிரிவில் அடங்கும். துணை உயிரோடிருக்க மறுபடி மணந்தால் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும். முதல் விவாகத்தை மறைத்து மணந்தால் 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. இந்தியப் பிரஜை அந்நிய மண்ணில் செய்த குற்றத்தையும் நமது சட்டம் விடுவதில்லை. ஆனால் இங்கே விசாரணை நடத்த மத்திய அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும்.

தண்டனை ஒருபுறமிருக்க, இரண்டாவது விவாகம் செல்லாது. அந்தப் பெண்ணுக்கு மனைவியின் உரிமை இல்லை. குடும்பத்தோடு சேர்ந்து வாழ அவளுக்குக் கிடைத்த அனுமதியும் ஆட்டங்காணும். சிறைக்குப் போகிறவன் ஒருவன், கஷ்டப்படுவது இரண்டு வீட்டார்.

பெற்றோர் செய்யவேண்டியவை

வெளிநாட்டு வரன் என்றதும் சம்பளத்தை விசாரிக்கிற நாம், பின்வருவனவற்றையும் விசாரிக்கவேண்டும்:

– ஞானஸ்நானம் பெற்ற கோவிலிலிருந்து புதிதாக எடுத்த சீட்டு, குறிப்புகளுடன்.

– இப்போது வசிக்கும் பங்கின் சுவாமியாரிடமிருந்து, விவாகத்துக்குத் தடையில்லை என்ற கடிதம். வேறு தேசங்களில் சில ஆண்டு வசித்திருந்தால் அங்கிருந்தும் கேட்கலாம்.

– அந்நாட்டு அரசாங்கமோ தூதரகமோ தரும் விவாகமாகாதவர் சான்று. கோவில் புத்தகத்தில் ஏறாத ரெஜிஸ்டர் விவாகத்தை அறிய இதுவே வழி.

– மனைவியை இழந்தவர் என்றால் மரணப் பதிவுச் சான்று. விவாகரத்தானவர் என்றால் நீதிமன்ற முத்திரையுள்ள முடிவான தீர்ப்பு. இங்கிலாந்தில் முதலில் நிபந்தனை உத்தரவும், பிறகு இறுதி உத்தரவும் வருகிறது. இரண்டுக்கும் நடுவே மணந்தால் அது செல்லாது.

விவாகம் தமிழ்நாட்டில் நடந்தால், 2009-ம் ஆண்டின் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிவுசெய்யவேண்டும். அந்தச் சான்றை அப்போஸ்டிலை ஏற்கும் வெளிநாட்டில் காட்டவேண்டுமானால், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை பெறவேண்டும். அதற்குரிய ஹேக் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் அமுலில் உள்ளது. இப்படிப் பதிந்த விவாகத்தை ‘இல்லை’ என்று மறுப்பது எளிதல்ல. பெண்ணுக்கு அதுவே அரண்.

ஓலை வாசிக்கும்போது ‘நமக்கெதற்கு வம்பு’ என்று வாயடைத்திருப்பதும் சரியல்ல. தடை இருப்பதாக அறிந்தவர் சுவாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்.

ஏமாற்றப்பட்டவர்களுக்கு

கணவன் வெளிநாட்டில் வேறு விவாகம் செய்துகொண்டான் என்று அறிந்த மனைவி வெட்கப்பட்டு ஒளிந்திருக்கவேண்டியதில்லை. குற்றம் அவளுடையதல்ல. அவளே வழக்குத் தொடுக்கலாம். அவள் சார்பில் தகப்பன், தாய், சகோதரர், பிள்ளைகள், பெற்றோரின் உடன்பிறந்தார் தொடுக்கவும் சட்டம் இடங்கொடுக்கிறது. இரண்டாவது விவாகம் முறைப்படி நடந்தது என்பதை நிரூபிக்கவேண்டியிருப்பதால், அந்நாட்டுப் பதிவின் சான்றுப் பிரதியை முதலில் பெறுவது அவசியம். சேர்ந்து வாழ்ந்தான் என்று மாத்திரம் காட்டினால் இருதாரக் குற்றம் நிலைக்காது.

மனைவியுள்ளவன் என்று அறியாமல் அவனுக்குக் கழுத்தை நீட்டிய பெண், ஜில்லா நீதிமன்றத்தில் அந்த விவாகம் செல்லாது என்ற தீர்ப்பைக் கேட்கலாம். முதல் துணை இறந்தார் என்று மெய்யாகவே நம்பிச் செய்த விவாகமாயிருந்தால், அதில் பிறந்த பிள்ளைகளின் சொத்துரிமையை விவாகரத்துச் சட்டத்தின் 21-ம் பிரிவு காக்கிறது. இரு நிலையிலும் வக்கீலையும் சுவாமியாரையும் தாமதியாமல் கண்டு பேசவேண்டும்.

வீட்டில் கேட்டுக்கொள்ள

வினா: ரெஜிஸ்டர் ஆபீஸ் விவாகத்தைச் சுவாமியாரிடம் சொல்லவேண்டுமா?
விடை: கட்டாயம் சொல்லவேண்டும். திருச்சபை முன்பாக அது மெய்விவாகம் அல்லவாயினும், சட்டத்தின் முன்பாகக் கட்டு உண்டு.

வினா: அயல்நாட்டு விவாகரத்து இங்கே செல்லுமா?
விடை: எல்லாச் சமயத்திலும் செல்லும் என்றில்லை. தீர்ப்பை வக்கீலிடம் காட்டி அறிந்த பிறகே அடுத்த காரியம்.

வினா: திருச்சபைத் தீர்ப்பும் அரசாங்கத் தீர்ப்பும் ஒன்றுக்கொன்று ஈடாகுமா?
விடை: ஆகா. கத்தோலிக்கருக்கு இரண்டும் வேண்டும்.

வினா: விசாரித்தால் மாப்பிள்ளை வீட்டார் கோபிப்பார்களே?
விடை: நேர்மையுள்ளவர் காகிதத்தைக் காட்டக் கோபிப்பதில்லை. கோபித்தால், நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைக்க அதுவே போதுமான காரணம்.