கொன்றையும் ஆவாரையும்: ஒரு பெயர் மாறிய கதை

கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் வந்த என் பேத்தி, பள்ளிக்கூடப் பாடத்துக்காக இரண்டு பூக்களைத் தாளில் ஒட்டினாள். ஒன்று ஊர்ப்புறத்தில் பறித்த ஆவாரம்பூ. மற்றொன்று மாட்டுங்காவில் எங்கள் தெருவோரம் உதிர்ந்து கிடந்த கொன்றைப்பூ. தாவரவியல் பெயர் என்ன என்று கேட்டாள். நான் சிறு வயதில் படித்ததை நம்பி, "இரண்டும் கேசியாதான் அம்மா. இது கேசியா ஆரிக்குலேட்டா, அது கேசியா ஃபிஸ்டுலா" என்று சொன்னேன். ஆசிரியை கொன்றையின் பெயரைச் சரி என்று விட்டுவிட்டு, ஆவாரையின் பெயரை மட்டும் அடித்து 'சென்னா' என்று திருத்தி அனுப்பினார்.

"தாத்தா, அப்போ நீங்க படிச்சது தப்பா?" என்றாள் பேத்தி. பதில் சொல்லத் தெரியவில்லை. ரயில்வே பட்டறையில் காலம் கழித்த எனக்குத் தாவரவியல் தூரத்துச் சொந்தம். பிறகு புத்தகங்களைத் தேடிப் படித்து அறிந்துகொண்டதை, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஒரே கூரையின் கீழ்

தாவரங்களுக்கு இரு சொல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். முதற்சொல் பேரினத்தின் பெயர். இரண்டாவது சிற்றினத்தைக் குறிப்பது. 1753இல் வெளிவந்த அவருடைய நூலில் கொன்றை, ஆவாரை, தகரை, வண்டுகொல்லி எல்லாம் 'கேசியா' என்ற ஒரே பேரினத்தில் இடம் பெற்றன. ஐந்து மஞ்சள் இதழ்கள், பத்துக் கேசரங்கள் என்று பூக்கள் ஒரே சாயலில் இருப்பதால் இது இயல்பாகவே தோன்றியது.

ஆனால் அவருக்கு முன்பே, 1700இல், பிரெஞ்சு அறிஞர் தூர்ன்ஃபோர் கேசியாவையும் சென்னாவையும் தனித்தனியாக வைத்திருந்தார். லின்னேயஸ் சேர்த்த மறு ஆண்டே, 1754இல், இங்கிலாந்தின் பிலிப் மில்லர் சென்னாவை மறுபடி பிரித்தார். 1794இல் ஜெர்மானியரான மோன்ஹ், 'காமேகிரிஸ்டா' என்று மூன்றாவது பிரிவையும் தனிப் பேரினமாக்கினார். எனினும் 1871இல் கேசியாவை முழுவதும் ஆராய்ந்த ஜார்ஜ் பெந்தம், மூன்றையும் ஒரே பேரினத்தின் உட்பிரிவுகளாகவே வைத்தார். அவருடைய செல்வாக்கால் அதுவே நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. நான் படித்ததும் அதுதான்.

பிரித்தவர்கள்

நியூயார்க் தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த இர்வின், பார்னபி என்ற இருவர் 1982இல் தொள்ளாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டனர். பெந்தமின் உட்பிரிவுகள் மூன்றும் தனித்தனிப் பேரினங்களாகவே நிற்க வேண்டியவை என்று அதில் காட்டினர். பின்னர் வந்த மரபணு ஆய்வுகளும் மூன்றும் தனித்தனிக் கிளைகள் என்பதை உறுதி செய்தன. கேசியாவில் இப்போது மிஞ்சியவை சுமார் 30 இனங்களே. சென்னாவில் 250க்கு மேல். காமேகிரிஸ்டாவில் 300க்கு மேல்.

ரயில் பெட்டிகளை நாங்கள் வண்ணத்தை வைத்து வகைப்படுத்துவதில்லை. ஒரே வண்ணம் பூசிய இரண்டு பெட்டிகளுக்கு அடியில் போகி வேறாக இருந்தால், பழுது பார்க்கும் முறையும் வேறு. இங்கும் அப்படித்தான். மஞ்சள் இதழ் வண்ணப்பூச்சு. உள்ளே பார்க்க வேண்டும்.

நீங்களே பார்க்கலாம்

1. கொன்றைப்பூவை எடுத்துக் கேசரங்களைக் கவனியுங்கள். மூன்று மட்டும் மிக நீளமாக, ஆங்கில 'எஸ்' எழுத்துப் போல வளைந்திருக்கும். இது கேசியாவின் அடையாளம். ஆவாரம்பூவில் இந்த இரட்டை வளைவு கிடையாது.

2. ஆவாரை இலையில், எதிரெதிரான சிற்றிலைகளுக்கு நடுவே சிறிய சுரப்பிகள் தெரியும். கொன்றையில் இவை இல்லை.

3. கொன்றைக் காய் உருண்ட குழல், ஒன்றிரண்டு அடி நீளம் இருக்கும், தானாக வெடிக்காது. 'ஃபிஸ்டுலா' என்ற லத்தீன் சொல்லுக்கே குழாய் என்றுதான் பொருள். ஆவாரங்காய் தட்டையானது. 'ஆரிக்குலேட்டா' என்றால் காது உடையது. இலைக்காம்பின் அடியில் காது மடல் போன்ற இலைச்செதில்களைக் காணலாம்.

4. காமேகிரிஸ்டா வகையில் காய் முறுக்கி வெடிக்கும். வேரில் நிலக்கடலைக்கு இருப்பது போல முடிச்சுகள் இருக்கும். கேசியாவுக்கும் சென்னாவுக்கும் அந்த முடிச்சுகள் இல்லை.

கேசியா என்ற பெயருக்கு மாதிரி இனம் கொன்றைதான். எனவே வீடு பாகம் பிரிந்தபோது பழைய பெயர் கொன்றைக்கே போயிற்று. ஆவாரை வெளியேற வேண்டியதாயிற்று.

பெயருக்குப் பின்னால் வரும் பெயர்

ஆவாரையின் முழுப் பெயரை எழுதும்போது அடைப்புக்குறிக்குள் லின்னேயஸ், வெளியே ராக்ஸ்பர்க் என்று சுருக்கமாகப் போடுவார்கள். முதலில் பெயரிட்டவர் உள்ளே. இன்றைய பேரினத்துக்கு மாற்றியவர் வெளியே. பெட்டியைக் கட்டிய தொழிற்சாலையின் தகடும், கடைசியாகப் பி.ஓ.ஹெச். செய்த பட்டறையின் பெயரும் சேர்ந்து இருப்பது போல!

இந்த ராக்ஸ்பர்க் 1776இல் சென்னை மாகாணத்துக்கு மருத்துவராக வந்தவர். சாமல்கோட்டையில் தாவரங்களை ஆராய்ந்தார். 1793இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்றார். அவர் 1815இல் காலமான பிறகு, 1832இல் செராம்பூரில் அச்சான அவருடைய நூலில் ஆவாரை 'சென்னா' என்றே இருக்கிறது. ஆகவே பேத்தியின் ஆசிரியை எழுதிய 'புதிய' பெயர், பெந்தமின் முடிவைவிடப் பழையது!

தமிழ் என்ன சொல்கிறது?

ஆவாரை, பொன்னாவாரை, நிலாவாரை ஆகிய மூன்றும் இன்று சென்னாவில் இருக்கின்றன. நம் முன்னோர் அவற்றை 'ஆவாரை' என்ற ஒரே சொல்லால் இணைத்து, சரக்கொன்றையைத் தனியாக அழைத்தார்கள். இதை வைத்துப் பெருமை பேசிவிடவும் கூடாது. மஞ்சள் கொன்றை என்று நாம் சொல்லும் மரமும் சென்னாதான். மயில்கொன்றையோ இரண்டிலும் சேராது. கண்ணுக்குத் தெரிந்த ஒற்றுமையை வைத்து ஊர் பெயரிடுகிறது. அறிவியல் உறவைத் தேடிப் பெயரிடுகிறது. இரண்டும் வேண்டும்.

பழைய பெயரை மறந்துவிடவும் முடியாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஏற்றுமதியான நிலாவாரை கேசியா சென்னா, கேசியா அங்கஸ்டிஃபோலியா, சென்னா அலெக்ஸாண்ட்ரினா என்று மூன்று பெயர்களில் புத்தகங்களில் வருகிறது. ஒரு பெயரில் மட்டும் தேடினால் மற்ற நூல்களில் உள்ளது கைக்கு வராது.

மும்பையில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கொன்றை இங்கே பஹாவா, தகரை டாக்ளா, ஆவாரை தரவட். மழைக்காலத்தில் மார்க்கெட்டில் டாக்ளாக் கீரை வாங்கும்போது, "இதுதான் நம் ஊர்த் தகரை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கொங்கு நாட்டார் பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ தேடுவதையும், தோல் பதனிட ஆவாரம்பட்டை பயன்பட்டதையும் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அந்தப் பெயர்கள் நம்மோடு நின்றுவிடும். அவற்றைத் திருத்தித் தர எந்த ஆசிரியையும் வரமாட்டார்.

பேத்திக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன்: "தாத்தா படித்தது அன்றைக்குச் சரி, டீச்சர் எழுதியது இன்றைக்குச் சரி." அவள் புதிய தாளில் சென்னா ஆரிக்குலேட்டா என்று எழுதி, அதன் கீழே பழைய பெயரையும் சேர்த்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, நான் கேட்காமலே, தமிழில் 'ஆவாரை' என்று எழுதினாள். வல்லின 'றை' போட்டிருந்தாள். அதை மட்டும் நான் திருத்தினேன்.