மலைக் காபியை ருசித்து வாங்க 9 குறிப்புகள்

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் மரநிழலில், மிளகு, ஆரஞ்சு, மலைவாழையோடு சேர்ந்து வளர்வது அரபிகா காபி. பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் ஒருமுறை ருசித்தால்தான் அதன் அருமை தெரியும்.

1. கொட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீண்டு, நடுக்கோடு வளைந்திருந்தால் அரபிகா. உருண்டு, கோடு நேராக இருந்தால் ரோபஸ்டா. இதில் கசப்பும் காஃபினும் அதிகம்.

2. பழத்தோலை நீக்கி, கழுவிக் காயவைத்த அரபிகா ‘பிளாண்டேஷன்’. மணம் தெளிவாக, இளம்புளிப்போடு இருக்கும். பழத்தோடு காயவைத்தது ‘செர்ரி’. சுவை கனமாக இருக்கும். உங்களுக்குப் பிடித்ததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

3. கொட்டை கறுத்து எண்ணெய் மினுங்கினால், வறுவலின் சுவைதான் மேலோங்கும். மலைக்கொட்டையின் சொந்த மணம் வேண்டுமென்றால் நடுத்தர வறுவல் வாங்குங்கள். வறுத்த தேதியையும் கேளுங்கள்.

4. சிக்கரி கலப்பை அறிய, ஒரு டம்ளர் குளிர்ந்த நீரில் கொஞ்சம் தூளைத் தூவுங்கள். காபி மிதக்கும், சிக்கரி பழுப்பு நிறம் இழுத்தபடி சீக்கிரம் அடியில் இறங்கும்.

5. ருசி பார்க்க, கரகரப்பாக அரைத்த தூள் 8 கிராமுக்கு 150 மில்லி தண்ணீர் போதும். நீரின் சூடு 93 டிகிரி இருப்பது நல்லது. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் தண்ணீர் ஏறக்குறைய அந்தச் சூட்டிலேயே கொதித்துவிடும், உடனே ஊற்றலாம். சமவெளியில் இருப்பவர்கள் இறக்கிவைத்து, கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றுங்கள்.

6. 4 நிமிடம் கழித்து, மேலே கட்டி நிற்கும் தூளைக் கரண்டியால் விலக்கி, குனிந்து முகருங்கள். மணம் பொங்கி வரும் நேரம் இதுதான். பிறகு நுரையை வழித்து எடுத்துவிடுங்கள்.

7. கைபொறுக்கும் சூட்டில், கரண்டியால் எடுத்துச் சத்தம் வர உறிஞ்சுங்கள். காபி நாக்கு முழுதும் பரவும். மணம் மூக்குக்கும் ஏறும். காபி வாரியத்தின் சுவைஞர்களும் இப்படித்தான் உறிஞ்சுவார்கள்.

8. நல்ல கசப்பு விழுங்கியதும் விலகி, இனிப்பை விட்டுப்போகும். கரிந்த கசப்பு தொண்டையிலேயே தங்கும். பூஞ்சண வாடை அடித்தால் கொட்டை சரியாகக் காயவில்லை. சூட்டில் குறைகள் மறைந்துவிடும் என்பதால் ஆறிய பிறகும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அப்போதும் ருசித்தால் தயங்காமல் வாங்கலாம்.

9. தூளாக வாங்கினால் ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும் போதும். காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடிக்கடி திறக்கும் டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரமும் குழம்பு வாசனையும் ஏறிவிடும்.

கடையில் கொட்டை விளைந்த ஊரையும் கேட்டு வாங்குங்கள். ஊர் பெயர் தெரியாமல் கலவையில் கரைந்துபோகும் நம் மலைக் காபிக்கு, பெயர் கேட்டு வருகிற வாடிக்கையாளர்தான் பலம்.