பளு தூக்குவோர் எல்லாம் விளையாட்டு வீரரா?

நம் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு மாலை இவ்வினா எழுந்தது. "பளு தூக்குகிறவன் ஓடுவதில்லை, தாண்டுவதில்லை. அவனை விளையாட்டு வீரன் என்பது எப்படி?" என்றார் ஓட்டப் பந்தயத்திற்குப் பயிற்சி பெறும் நண்பர் ஒருவர். எனக்கோ வேறோர் ஐயம். என் தந்தையார் அரிசி மண்டியில் மூட்டை தூக்குபவர். தூக்கினாலே வீரர் என்றால் அவரும் வீரர்தாமே?

நண்பரின் கேள்விக்கு நாம் பயிலும் இயற்பியலே விடை தருகிறது. 50 கிலோ எடையை 1.5 மீட்டர் உயர்த்தினால் செய்யப்படும் வேலை 735 ஜூல். அதை 3 வினாடியில் செய்தால் திறன் 245 வாட். 1 வினாடியில் செய்தால் 735 வாட். வேலை ஒன்றே, திறனோ மும்மடங்கு. பளுதூக்கும் போட்டியில் 'ஸ்நாட்ச்' என்னும் முறையில், தரையிலுள்ள பளுவை இடையில் நிறுத்தாமல் ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டு செல்ல வேண்டும். இதற்கு வலிமையோடு வேகமும் சமநிலையும் மூட்டுகளின் நெகிழ்வும் தேவை. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே இப்போட்டி இடம் பெற்றதில் வியப்பில்லை.

ஆனால் திறன் மட்டும் போதுமா? மணிப்பூர் வீராங்கனை மீராபாய் சானு சிறு வயதில் விறகுக்கட்டு சுமந்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 'கிளீன் அண்ட் ஜெர்க்' முறையில் அவருடைய மூன்று வாய்ப்புகளும் தவறின. எனவே மொத்த எடையே கணக்கில் ஏறவில்லை. 2021-இல் டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் 87, 115 என மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் வென்றார். குறித்த நேரத்தில், குறித்த விதிப்படி, நடுவர் முன் தூக்கியதே கணக்கு. அந்தச் சோதனைக்குத் தம்மை ஆயத்தம் செய்து கொள்பவரே விளையாட்டு வீரர். கண்ணாடி முன் நின்று தூக்குவது நல்ல உடற்பயிற்சி; அவ்வளவே.

அப்படியானால் என் தந்தையார்? அவரிடமே கேட்டேன். சிரித்தார். "வெளையாட்டுல தவறுனா மறுபடி தூக்கலாம்டா. இங்க மூட்ட நழுவுனா அன்னிக்குக் கூலி போச்சு" என்றார்.

உண்மைதான். வீரர் எடையைப் படிப்படியாகக் கூட்டுகிறார். இடையிடையே ஓய்வும் கொள்கிறார். அதனால் உடல் வளர்கிறது. மூட்டை தூக்குபவர் எடையைத் தேர்வதில்லை, லாரி வந்துவிட்டால் ஓய்வுமில்லை, உடல் தேய்கிறது. இருவர் தோளிலும் இருப்பது ஒரே பளுதான். ஒருவர் அதைத் தேடிச் செல்கிறார். மற்றவரை அது தேடி வருகிறது.

ஆகவே என் தந்தையார் விளையாட்டு வீரர் அல்லர். உழைப்பாளி என்னும் பெயர் அதனினும் தாழ்ந்ததன்று. மாலையில் இரும்புத் தண்டைத் தொடும்போதெல்லாம், விரும்பித் தூக்க எனக்குக் கிடைத்த இந்த ஒரு மணி நேரம் யார் தூக்கிச் சேர்த்தது என்பதை நினைத்துக் கொள்கிறேன்.