படிப்பு ஒன்று, வாசல் ஆறு



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லோடு ஏற்றுகிறார். "எம் பையன் இன்ஜினியருக்குப் படிக்கிறான்" என்று டீக்கடையில் அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் பயம்தான். காரணம், மெக்கானிக்கல் பிரிவை நான் யோசித்து எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் எடுத்தார், நானும் எடுத்தேன்.

இரண்டாம் ஆண்டில் லேத் செய்முறையில் என் ஜாப் இரண்டு முறை ரிஜெக்ட் ஆனது. 'நமக்கு இது ஒத்து வராது, டி.சி. வாங்கிவிடலாம்' என்று முடிவுக்கே வந்துவிட்டேன். அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "லோடு வேலைன்னா எல்லாரும் மூட்டை தூக்குறதில்லடா. ஒருத்தன் வண்டியில அடுக்குவான், ஒருத்தன் கணக்கு எழுதுவான், ஒருத்தன் டிரைவர்கிட்ட பேசி வேலைய முடிப்பான். உனக்கு எது வருதுன்னு பாரு" என்றார்.

அப்பா சொன்னதைத்தான் அறிஞர்களும் சொல்லியிருக்கிறார்கள் என்பது பிறகு நூலகத்தில் தெரிந்தது. எந்த வேலைக்கு எந்த ஆள் என்று ஆராய்ந்து ஒப்படைக்கத் திருக்குறளில் 'தெரிந்துவினையாடல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் அது அரசனுக்குச் சொன்னது. வேலை தேடும் இளைஞனுக்குச் சொன்னவர் அமெரிக்காவின் ஃபிராங்க் பார்சன்ஸ். 1908-ல் பாஸ்டன் நகரில் தொழில் ஆலோசனை நிலையம் தொடங்கினார். அவர் வழி மூன்றே படிகள்: உன்னை அறி, வேலையை அறி, இரண்டையும் பொருத்திப் பார்.

அடுத்து வந்தவர் ஜான் ஹாலண்ட். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர வந்தவர்களைப் பேட்டி கண்டவர். 1959-ல் அவர் வெளியிட்ட கொள்கை மனிதர்களை ஆறு வகையாகப் பார்க்கிறது. நம் டிப்ளமோவுக்குப் பொருத்தி எழுதுகிறேன்:

1. செய்பவர் - கையால் செய்தால்தான் திருப்தி. மெஷின் ஷாப், மெயின்டெனன்ஸ்.

2. ஆராய்பவர் - 'ஏன் பழுதானது?' என்று விடாமல் கேட்பவர். டெஸ்டிங், தரப் பரிசோதனை.

3. படைப்பவர் - புதிதாக வரைபவர். டிசைன், டிராயிங்.

4. உதவுபவர் - சொல்லிக் கொடுப்பதில் மகிழ்பவர். பயிற்சியாளர், பாதுகாப்புப் பிரிவு.

5. நடத்துபவர் - நாலு பேரை வேலை வாங்கத் தெரிந்தவர். சூப்பர்வைசர், விற்பனை, சொந்தத் தொழில்.

6. ஒழுங்கானவர் - கணக்கு, பதிவேடு பிசகாதவர். ஸ்டோர்ஸ், உற்பத்தித் திட்டம்.

ஒருவர் ஒரே வகையாக இருப்பதில்லை. மூன்று வகைகளாவது கலந்திருக்கும். ஹாலண்ட் இவற்றை அறுகோணமாக வரைந்தார், நாம் தினமும் பார்க்கும் நட்டைப் போல! பக்கத்துப் பக்கத்துப் பக்கங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை, எதிரெதிர்ப் பக்கங்கள் அதிகம் வேறுபட்டவை.

நம் ஆவடியைப் பாருங்கள். 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. வெல்டிங் செய்தவர், அளந்தவர், உதிரி பாகக் கணக்கு வைத்தவர், எல்லாரையும் சேர்த்து வேலை வாங்கியவர் என்று இத்தனை பேரும் சேர்ந்தால்தான் ஒரு டாங்கி!

ஆனால் எச்சரிக்கை! இது ஜாதகம் அல்ல. விருப்பம் வேறு, திறமை வேறு. திறமை பழகப் பழக வரும். 'பெண் பிள்ளைக்கு ஆபீஸ் வேலைதான்', 'லோடுமேன் பையனுக்கு ஹெல்ப்பர் வேலைதான்' என்று பிறர் நம்மை வகை பிரிப்பது பொருத்தம் பார்ப்பதே ஆகாது. நம்மை நாமே பார்க்க வேண்டும்.

நான் பார்த்தேன். லேத்தில் சலித்த எனக்கு, அளவியல் ஆய்வகத்தில் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தால் நேரம் போவதே தெரியவில்லை. 0.01 மி.மீ. வித்தியாசத்துக்காக மூன்று முறை அளப்பேன். நண்பர்கள் "போதும்டா!" என்பார்கள். நான் ஆராய்பவன், கொஞ்சம் ஒழுங்கானவன். தரப் பரிசோதனைதான் என் வாசல் என்று புரிந்தது. டி.சி. வாங்கவில்லை. லேத்தையும் விடவில்லை. ஜாப் எங்கே தவறும் என்று தெரியாதவன் எப்படிப் பரிசோதிப்பான்? மூன்றாவது முறை பாஸாகிவிட்டேன்.

வீட்டுக்குச் சம்பளம் உடனே வேண்டும், பிடித்த வேலைக்காகக் காத்திருக்க முடியாது என்பவர்கள் நம்மில் அதிகம். அவர்களுக்கும் வழி உண்டு. 1961-ம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் டிப்ளமோ முடித்தவர்கள் உதவித்தொகையுடன் ஓராண்டு பயிற்சி பெறலாம். இதற்கான தென்மண்டல வாரியம் தரமணியில் உள்ளது. அந்த ஓராண்டை நம்மை நாமே அறியும் பரீட்சையாக வைத்துக்கொள்ளலாம்.

இன்று இரவே ஒரு தாளில் எழுதுங்கள். எந்த வேலையில் நேரம் போவது தெரியவில்லை? எதைச் செய்யச் சொல்லி நண்பர்கள் உங்களைத் தேடி வருகிறார்கள்? எதில் தவறு செய்தாலும் மறுபடி செய்யத் தோன்றுகிறது? மூன்று பதிலும் ஒரே பக்கம் காட்டினால், அதுதான் உங்கள் வாசல்.

இப்போது டீக்கடையில் அப்பா "இன்ஜினியர்" என்று சொன்னால் எனக்குப் பயமில்லை. "குவாலிட்டின்னு சொல்லுப்பா" என்று திருத்துகிறேன்!

வாழ்க மாணவர் ஒற்றுமை!